தண்ணீர் பாட்டிலும் நம் புத்தாடையும்

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், பிரதமர் நரேந்திர மோடி நீல நிற மேற்சட்டை ஒன்றை அணிந்து நாடாளுமன்றத்திற்கு வந்தார். தூக்கி எறியப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து உருவான துணியில் தைக்கப்பட்டது அது. இந்தியன் ஆயில் நிறுவனம் பெங்களூரில் அவருக்குப் பரிசளித்த அந்த மேற்சட்டைக்கான துணி, நம் கரூரில் உள்ள ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனத்திலிருந்து சென்றது.

தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் அடிப்படையில் ஒரே பொருள்தான். பாட்டிலின் மூடியையும் லேபிளையும் அகற்றி, கழுவி, சில்லுகளாக நறுக்கி, உருக்கி, நுண்துளைகள் வழியாக இழையாக இழுக்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து புதிதாகத் தயாரிப்பதைவிட இதற்கு எரிசக்தி குறைவாகவே தேவைப்படுகிறது. பாராட்ட வேண்டிய முயற்சிதான்.

ஆனால் இந்தத் துணியின் கதை ஆலையில் தொடங்கவில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் திருமண மண்டபங்களிலும் திருவிழாக்களிலும் நாம் பாதி குடித்துவிட்டு எறியும் பாட்டிலில் தொடங்குகிறது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் பல பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தபோதும், தண்ணீர் பாட்டில்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்துக் காயலான் கடையில் எடைக்குப் போடுபவர்கள் ஏழைகளே. சட்டைக்கு 'பசுமை' என்ற பெயரும் நல்ல விலையும் கிடைக்கின்றன. கையுறைகூட இல்லாமல் பொறுக்கியவருக்குக் கிடைப்பது என்ன?

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்கலாம். ஆனால் பருத்தியோடு கலந்து நெய்த பாலியஸ்டர் சட்டையைப் பிரித்து மீண்டும் நூலாக்குவது கடினம். பழையதானதும் அதுவும் குப்பைமேட்டுக்கே போகும். துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் நீர்நிலைகளைச் சேரும். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எவ்வளவு விழுங்கியது என்பதை நம் பகுதி மக்கள் அறிவர். 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற நிலம் அது. ஆக, மறுசுழற்சி குப்பையைத் தள்ளிப்போடுகிறதே தவிர, ஒழித்துவிடுவதில்லை. 'இது மறுசுழற்சித் துணிதானே' என்று நான்கு சட்டை கூடுதலாக வாங்கினால், கிடைத்த பயனும் போய்விடும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், தூக்கி எறியும் கலாச்சாரம் பொருட்களை மட்டுமல்ல, மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்று சுட்டிக்காட்டினார். பாட்டிலும் அதைப் பொறுக்குபவரும் நம் கண்ணில் ஒன்றுபோலவே மறைந்துபோவது இதற்குச் சான்று.

எனவே நம் பங்குகளில் தொடங்குவோம். திருவிழா விருந்துகளில் பாட்டிலுக்குப் பதில் குடமும் எவர்சில்வர் டம்ளரும் வைப்போம். தவிர்க்க முடியாத பாட்டில்களைக் காலி செய்து, தனியாகச் சேர்த்து, தூய்மைப் பணியாளரின் கையில் மரியாதையோடு கொடுப்போம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை எடுக்கும் முன், பெட்டியில் உள்ளவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். உள்ளதை நெடுநாள் உடுத்துவதே மிகச் சிறந்த பசுமை ஆடை.