சூடு வைத்தால் முட்டு போகுமா?

"ஆஸ்துமாவுக்கு இனி பம்ப் தேவையில்லை, ஒரு வெட்டும் இல்லாமல் சுகப்படுத்தலாம்" எண்டு ஒரு வீடியோ வந்தால் போதும், எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாத்தையும் அது அண்டைக்கே சுற்றி வந்துவிடும். அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. பெயர் புரொங்கியல் தெர்மோபிளாஸ்டி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010 இல் அதற்கு அனுமதி கொடுத்தது. பொய்யாக இருப்பது அந்த "இனி பம்ப் தேவையில்லை" என்ற பகுதிதான்.

கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை தடித்துப்போய், சின்னத் தூசிக்கும் இறுகிக்கொள்ளும். மயக்கம் கொடுத்து, மூக்கு அல்லது வாய் வழியாகக் கமராக் குழாயை இறக்கி, அதன் நுனியில் விரியும் கம்பிக்கூடை மாதிரியான ஒன்றால் குழாயின் சுவரை 65 பாகை செல்சியசில் 10 செக்கன் சூடாக்குகிறார்கள். பிறகு அடுத்த இடம், அதற்கடுத்த இடம். மூன்று கிழமை இடைவெளியில் மூன்று தடவை. தசை குறைந்தால் இறுக்கமும் குறையும் என்பதுதான் கணக்கு.

இதைச் சோதித்த பெரிய ஆய்வின் பெயர் ஏ.ஐ.ஆர்.2. அதில் 190 பேருக்கு உண்மையான சூடு. 98 பேருக்குப் பொய்ச் சிகிச்சை: அதே மயக்கம், அதே குழாய், ஆனால் சூடு இல்லை. யாருக்கு எது எண்டு நோயாளிகளுக்குத் தெரியாது. சூடு பெற்றவர்களில் 79 வீதமானோரின் வாழ்க்கைத்தரம் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியது. பொய்ச் சிகிச்சை பெற்றவர்களில்? 64 வீதம்!

கலைப்பீடத்துக்காரிக்கு நுரையீரலில் என்ன வேலை எண்டு கேட்கலாம். ஆனால் இந்த 64 ஐ வாசிக்க வெள்ளைக் கோட் தேவையில்லை. ஒன்றுமே செய்யாமல் இத்தனை பேர் எப்படித் தேறினார்கள்? நம்பிக்கை ஒரு காரணம். அதோடு, ஆய்வில் இருக்கும்போது ஒருவர் உங்களைத் தொடர்ந்து பார்க்கிறார், மருந்து ஒழுங்காகப் போகிறது. அதுவும் ஒரு காரணம் எண்டே நான் நினைக்கிறேன்.

எங்கட வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. "பம்ப் பழகினா பிறகு விடேலாது" எண்டு சொல்லியே தினமும் எடுக்கவேண்டிய மண்ணிறப் பம்பை நிறுத்திவிடுவார்கள். இழுக்கும்போது மட்டும் நீலப் பம்ப். அது இறுகிய குழாயை அந்த நேரத்துக்குத் திறக்கும். உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. பொம்பிளைப் பிள்ளை எண்டால் இன்னும் மோசம். பேச்சுக்கால் நடக்கிற நேரம் பம்ப் அலுமாரிக்குள்ளே போய்விடும், முட்டு வருத்தம் இருக்கிறது எண்டு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாதாம். பிறகு இரவில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. இதைக் "கடுமையான ஆஸ்துமா" எண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து மறுக்கப்பட்ட ஆஸ்துமா என்பேன்.

அதற்காக சூட்டுச் சிகிச்சையே ஏமாற்று எண்டு நான் சொல்லவில்லை. எல்லா மருந்தையும் ஒழுங்காக எடுத்தும் மூச்சுக்குப் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "பம்பைச் சரியாப் பிடி" எண்டு உபதேசம் பண்ணுவது அநியாயம். அதே ஆய்வில், பிந்திய மாதங்களில் கடுமையான தாக்குதல்கள் சூடு பெற்றவர்களுக்குக் குறைவாகவே வந்தன. ஆனால் சிகிச்சை நடந்த கிழமைகளில் அவர்களில் 16 பேர் மூச்சுப் பிரச்சினையால் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். மற்றப் பக்கத்தில் 2 பேர்தான். ஐரோப்பிய, அமெரிக்க சுவாச மருத்துவச் சங்கங்கள் 2014 இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், இதை ஆய்வுகளுக்குள்ளோ முறையான பதிவேட்டின் கீழோ மட்டும் செய்யுங்கள் எண்டுதான் சொன்னது.

வீடியோவை அனுப்புகிற மாமாவுக்கு அந்த 16 ஐயும் 64 ஐயும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கோ. அப்படியே, வீட்டில் மண்ணிறப் பம்ப் எங்க இருக்கு எண்டும் ஒருக்காத் தேடிப் பாருங்கோ.