காவலூரில் முடிந்தது, செல் ஆய்விலும் முடியும்

ஜவ்வாது மலையில், காவலூரில், 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தின் ஒளியை வானியலாளர்கள் அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் அந்த நட்சத்திரத்தை நெருங்கும்போதே ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரியவந்ததில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. மங்கலான ஒளியை நேரம் பிசகாமல் அளக்கும் அந்தத் திறமைதான் இன்று ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குத் தேவைப்படுகிறது.

பெரிய மருத்துவமனைகளில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்றொரு கருவி இருக்கிறது. சாயம் ஏற்றிய செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் கதிரைக் கடக்கும். எது எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்று கருவி பார்க்கும். செல்களைப் பிரித்தெடுக்கும் வகைக் கருவியை 1965இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் உருவாக்கினார். நீர்த்தாரை துளிகளாக உடையும். வேண்டிய செல் உள்ள துளிக்கு மின்னேற்றம் தரப்படும். மின்தகடுகள் அதைத் தனிக் குழாய்க்குத் திருப்பிவிடும்.

பிரகாசத்தை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாயம் கூடினாலும் லேசர் தளர்ந்தாலும் அளவு மாறிவிடும். ஒளிர்வு ஆயுள் அப்படி மாறாது. லேசர் பட்ட மூலக்கூறு ஒளியை உமிழ்வதற்கு முன் சராசரியாக எத்தனை நானோநொடி காத்திருக்கிறது என்பதுதான் அந்த ஆயுள். செல்லுக்குள் இயல்பாகவே உள்ள என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு தனித்திருக்கும்போது இந்த ஆயுள் அரை நானோநொடிக்கும் குறைவு. புரதத்தோடு பிணைந்தால் பல மடங்கு நீளும். செல் எப்படிச் சக்தியை எரிக்கிறது என்பதைச் சாயமே இல்லாமல் அறிய இது வழிவிடுகிறது.

வேகத்தில்தான் இடர்ப்பாடு. ஒரு செல் லேசரைக் கடக்க 10 மைக்ரோநொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு 8 கோடி முறை துடிக்கும் லேசர் அதற்குள் 800 முறை துடிக்கும். பழைய எண்ணும் முறையில் ஒரு துடிப்புக்கு ஒரு ஃபோட்டானைத்தான் பதிய முடியும். அடுத்தடுத்து வருபவை விட்டுப்போனால் கணக்கே பிசகும் என்பதால், 100 துடிப்புக்கு 5 என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படியானால் ஒரு செல்லுக்குக் கிடைப்பது 40 ஃபோட்டான். பிழையோ சுமார் 16 விழுக்காடு. இதை வைத்து நெருக்கமான இரண்டு ஆயுள்களைப் பிரித்தறிய முடியாது. ஒரே சில்லில் நூற்றுக்கணக்கான ஒற்றை ஃபோட்டான் உணரிகளைப் பதிப்பதுதான் இதற்குக் கிடைத்த வழி. அவை ஒரே துடிப்பில் பல ஃபோட்டான்களைப் பிடிக்கும். வளைகோடு பொருத்தி நேரத்தைக் கரைக்காமல், ஃபோட்டான்கள் வந்த நேரங்களின் சராசரியைச் சில்லே கணக்கிட்டு, செல் பிரியும் இடத்துக்கு வருவதற்குள் முடிவு சொல்லிவிடும். எடின்பரோ ஆய்வாளர்கள் 2016இல் இதைச் செய்துகாட்டினார்கள். 2024இல் டோக்கியோ குழு ஒன்று நொடிக்கு 10,000 செல்களுக்கு மேல் ஆயுளைப் படமாகவே எடுத்தது.

இதை மந்திரக்கோல் என்று சொல்ல மாட்டேன். வெப்பமும் அமிலத்தன்மையும் ஆயுளை மாற்றும். என்ஏடிஹெச் தரும் ஒளி மிக மங்கல். ரத்தப் புற்றுநோயை வகைப்படுத்தச் சாயமேற்றிய ஆன்டிபாடிகள் இன்றும் வேண்டும். அவற்றைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் நோயாளியின் ரத்தம் பெரிய கூடத்துக்குப் போய்த்தான் தீர வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாயத்தை நம்பியிருப்பது கொஞ்சம் குறைந்தாலும், ஆரம்பநிலைப் பரிசோதனையையாவது நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

ஆகவே, ஒளிர்வு ஆயுளை அளக்கும் இந்தக் கருவியை நாம் வாங்கப்போகிறோமா, செய்யப்போகிறோமா என்பதே என் கேள்வி. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கான ஆடியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் தேய்த்து மெருகேற்றினார்கள். அதன் இயந்திரப் பகுதிகளை வால்சந்த்நகர் ஆலை செய்தது. அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982இல் மறைந்தார். 1986இல் தொலைநோக்கி அவர் பெயரோடு திறக்கப்பட்டது. கண்ணெதிரே இப்படியொரு சான்று இருக்கையில், நம்மால் முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தேவையான கைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஒளிர்வு ஆயுளை அளப்பது தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிய அதிவேக நிகழ்வுகள் ஆய்வு மையத்துக்குக் கைவந்த கலை. சென்னை ஐஐடி சக்தி என்ற சொந்தச் செயலியை வடிவமைத்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், நோயாளியின் ரத்த மூலச்செல்களில் மரபணுவைச் சேர்த்து ஹீமோபிலியாவுக்குச் சிகிச்சை அளித்து, ஐந்து பேரின் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். செல்லைத் துல்லியமாகப் பிரிப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும். இந்த மூவரும் ஒரே திட்டத்தில் உட்கார வேண்டும். அதற்கான அழைப்பை விடுக்க வேண்டியவர்கள் தமிழக அரசும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியமும்தான். முதல் மாதிரிக் கருவியை வேலூரில் நிறுவி, ஜவ்வாது மலை மக்களின் மாதிரிகளையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்துச் சோதியுங்கள்; அறிவிப்பை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே வெளியிடுங்கள்.