வயிற்றுப் பிள்ளைக்கு யார் கணக்கு?

கான்பூர் பக்கத்து ரனியாவில் 1976 முதல் குரோமியக் கழிவு குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. நம்மூர் ராணிப்பேட்டையிலும் இதே கதைதான். ஹெக்ஸாவேலண்ட் குரோமியம், ஈயம் இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடியவை.

2016 அபாயக் கழிவு விதிகளில் உலோகத்துக்கு உலோகம் தனி வரம்பு. ஒவ்வொன்றும் தனியாகப் பாஸ் ஆகலாம். சேர்ந்தால்? எங்கள் வங்கியில் ஒருவருக்கு நாலு கடன் இருந்தால் எல்லாத் தவணையையும் கூட்டித்தான் பார்ப்போம் (கூட்டாவிட்டால் ஆடிட்டர் தோலை உரித்துவிடுவார்!). கர்ப்பிணி குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் கூட்டல் வேண்டாமா?

கழிவை அப்படியே சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்து, இரண்டு தலைமுறை குட்டிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. அந்தச் செலவைக் கழிவைக் கொட்டிய ஆலையே ஏற்கட்டும். கடன் கேட்கிறவர்தானே பத்திரம் கொண்டுவருகிறார்?