அடுப்பில்லாத அறைகளும் ஆரோக்கியத்தின் விலையும்

ஆரோக்கியமாக உண்ண வசதி வேண்டும் என்பதும், பணம் சேர்க்க நினைப்பவர் முதலில் சாப்பாட்டுச் செலவில்தான் கை வைக்க வேண்டும் என்பதும் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களிடையே ஐயத்துக்கு இடமற்ற உண்மைகளாக உலவுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இருபது வயதினரிடம் இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. உடல்நலமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகை என்பதே இதன் சாரம். இது தவறான நம்பிக்கை என்பதோடு, குறை உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பார்வையைத் திருப்பிவிடுவதால் கேடு விளைவிப்பதும் ஆகும்.

'ஆரோக்கிய உணவு' என்ற சொல்லுக்கு இன்று ஓட்ஸ், புரதப் பொடி, உறையிலிட்ட தானியக் கலவை என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பொருளை இப்படிக் குறுக்கிவிட்ட பிறகு அது விலை உயர்ந்தது என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. அதே எடையுள்ள பாலில் இருப்பதைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கேழ்வரகின் விலையோ உறையிலிட்ட ஓட்ஸின் விலையில் பாதியைத் தொடுவதில்லை. நூறு கிராம் பொட்டுக்கடலையிலும் வேர்க்கடலையிலும் இருபது கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படியே அறிவுறுத்துகிறது. ஆகவே, பொடி வாங்க வசதியில்லை என்று வருந்தும் இளைஞர் இழந்தது எதுவுமில்லை. வருந்தி, அதனால் கடலையையும் கைவிட்டவரே இழந்தவர்.

சத்து விலையைப் பொறுத்ததன்று, சேர்மானத்தைப் பொறுத்தது என்பதற்குக் காஞ்சிபுரமே சான்று தருகிறது. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் குடலை இட்லி, பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஆவியில் வேகவைக்கப்படுவது. புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, உளுந்தில் மிகுதி. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உள்ளது. இரண்டும் ஒரே மாவில் கலக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சாதாரண இட்லிக்கும், பருப்புச் சோற்றுக்கும், பொங்கலுக்கும் இது பொருந்தும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உணவு இவ்வளவு மலிவென்றால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும், 40.4 விழுக்காட்டினருக்கு மிகை எடையும் இருப்பது ஏன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் கையில் காசில்லாததை மட்டும் காரணமாகச் சொன்னால் மிகை எடை விளங்காமல் போகிறது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்கும் தரப்படுகின்றன. தட்டில் அரிசி மிகுந்து பருப்பும் கீரையும் சுருங்கியிருப்பதே நோயின் ஊற்று. அறையில் தங்கும் இளைஞருக்கோ அந்தப் பருப்பும் எட்டுவதில்லை. குடும்ப அட்டை ஊரில் பெற்றோரிடம் இருக்கிறது, அதற்குரிய பொருள்களும் அங்கேயே வாங்கப்பட்டுவிடுகின்றன.

அவரிடம் உண்மையில் இல்லாதவை அடுப்பும் நேரமும்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே முன்கூடத்தில் குழித்தறி, அதாவது நெய்பவர் மிதியின்மேல் கால் வைத்து அமர்வதற்காகத் தரையில் பள்ளம் வெட்டி அமைத்த தறி இருக்கிறது. சில அடி தொலைவில் அடுப்பு இருக்கிறது. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறைக்கு இருவர் தேவைப்படுவதால், இருவரும் ஒன்றாக எழுந்து கூழோ பழைய சோறோ உண்டு மீண்டும் அமர முடிகிறது. இவ்வாழ்க்கையைப் பொற்காலமாகப் போற்றுவதற்கில்லை. முதுகுவலியும் கண் சோர்வும் அதனோடு பிறந்தவை, கூலி போதாமையே அடுத்த தலைமுறையைச் சிப்காட் தொழிற்பேட்டைப் பேருந்தில் ஏற்றிவிட்டது. மேலும், அவ்வீட்டுக் கூழ் மலிவாக இருந்ததற்குக் காரணம், தறிக்கு நூல்தார் சுற்றிய கைகளாலேயே கூழும் கிளறிய பெண்களுக்கு யாரும் கூலி தராததுதான். அந்த உழைப்பு கணக்கில் ஏறாமல் இருந்ததால்தான், அது இல்லாத அறைக்குக் குடிவந்த ஆண்பிள்ளைகள் உணவே விலையேறிவிட்டதாக எண்ணுகின்றனர். உளுந்து ஊறவைக்கக் கற்காத மகனை வளர்த்த வீட்டுக்கும் இதில் பொறுப்புண்டு.

வாரந்தோறும் மாறும் பணிமுறை, விடியுமுன் புறப்படும் நிறுவனப் பேருந்து, சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விடப்படும் வாடகை அறை ஆகிய மூன்றும் சேர்ந்து சிக்கனத்தைத் தலைகீழாக்குகின்றன. காலை உணவைத் தவிர்த்து மிச்சப்படுத்திய காசு, முற்பகலில் தேநீருக்கும் பஜ்ஜிக்கும், இரவில் பரோட்டாவுக்கும் போய்விடுகிறது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இட்ட தேநீர் மூன்று குடித்தாலே, ஒரு நாளைக்கு வகுக்கப்பட்ட 25 கிராம் சர்க்கரை வரம்பு ஏறத்தாழ எட்டப்பட்டுவிடுகிறது.

உணவில் காட்டும் கவனக்குறைவு எங்கே போய் முடியும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டார மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவு உண்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அப்பெண்கள் தம் உணவைத் தாமே தேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு ஆரோக்கிய உணவின் விலையைப் பற்றியோ சிக்கனத்தைப் பற்றியோ பாடம் நடத்துவது அநீதி.

அதன் பின்னர், 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொது உணவுக்கூடம் எவ்வளவு நல்லதாயினும், உண்பவர் அங்கே பிறர் சமைத்ததைப் பெறுபவராகவே இருக்கிறார். இனிக் கட்டப்படும் விடுதிகளிலும், வாடகைக்கு விடப்படும் அறைகளிலும், படுக்கைக் கணக்கோடு அடுப்புக் கணக்கும் கேட்கப்பட வேண்டும்: நான்கு பேருக்கு ஓர் அடுப்பு, ஒரு குக்கர், ஓயாது தண்ணீர் வரும் ஒரு குழாய், பருப்பும் கேழ்வரகு மாவும் வைத்துப் பூட்ட ஓர் அலமாரி, பணி முடிந்து வந்தவர் சமைத்து உண்ட பிறகும் தூங்குவதற்கு மிஞ்சும் எட்டு மணி நேரம்.