தாத்தா பாட்டியின் பேச்சும் எமது உரிமைகளும்

பதுளை மாவட்டத் தோட்டங்களில் இன்று பிள்ளைகளை வளர்ப்பவர்கள் யாரென்று கேட்டால், எத்தனையோ லயங்களில் தாத்தாவும் பாட்டியும் என்றுதான் பதில் வரும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார். தகப்பன் கொழும்பில் ஒரு கடையிலோ கட்டட வேலையிலோ இருப்பார். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வந்து போவார். காலையில் பிள்ளையை முகம் கழுவிப் பாடசாலைக்கு அனுப்புவதும், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு மருந்துக்கு அலைவதும், பெற்றோர் கூட்டத்துக்குப் போய்ப் பின் வாங்கில் அமர்ந்திருப்பதும் எம் போன்ற கிழடுகளே. முதியோர் பராமரிப்பு என்ற தலைப்பில் கருத்தரங்குகள் நடக்கின்றன, மகிழ்ச்சி. பராமரிக்கப்பட வேண்டியவர்கள் நாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பராமரித்துக்கொண்டிருப்பவர்களும் நாமே என்பதை அங்கே எவரும் பேசக் காணோம்.

மாலையில் தேத்தண்ணி குடிக்கும் வேளையில் இந்தக் கிழடுகள் வாய் ஓயாமல் பேசுகிறோம். கோச்சியைப் பற்றி, கப்பலைப் பற்றி, பழைய துரைமாரைப் பற்றி, அடுத்த தேர்தலைப் பற்றி. பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே "ஆமா தாத்தா" என்கிறார்கள். பழங்கதை என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆயினும் எமது மக்களைப் பொறுத்தவரை இந்தப் பேச்சை வெறும் பொழுதுபோக்காகத் தள்ளிவிட முடியாது என்பதையே இங்கு சொல்ல விரும்புகின்றோம்.

ஏனையோருக்குக் காணி உறுதி இருக்கிறது. பாட்டன் பெயரும் பூட்டன் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். காணியோடு சேர்ந்து குடும்ப வரலாறும் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குக் கைமாறும். லயத்தில் பிறந்தவனுக்கு இருந்தது செக்ரோல் ஒன்றுதான். அதில் அவன் பெயர் இருந்தது அவனுக்காக அல்ல, அன்றைய பெயருக்காக. பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போய்விடும். ஆகவே எமது குடும்பங்களின் வரலாறு தாளில் ஏறவில்லை. வயதானவர்களின் வாயிலேயே தங்கிவிட்டது.

ஆனால் இந்த நாட்டின் சட்டம் எம்மிடம் மீண்டும் மீண்டும் கேட்டது எதை? எமது தாத்தாவைத்தான். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்த ஒருவர் பிரஜையாவதற்கு அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத தோட்டத்து மக்களிடம் பாட்டனின் பிறப்பத்தாட்சியைக் கேட்டால் எங்கே போவது? பாட்டன் இங்கே பிறந்தவர் என்று பாட்டிக்குத் தெரியும். எந்த மலையில், எந்த லயத்தில் என்றும் தெரியும். பாட்டியின் வாய்ச்சொல்லைச் சட்டம் ஏற்கவில்லை. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், வதிவிடத்தையும் வருமானத்தையும் காட்டு என்று தாள்களையே கேட்டது.

அதற்கு முன்னர் நடந்ததையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வென்று பாராளுமன்றம் சென்றார். எமது தகப்பன்மார் அவருக்கு வாக்களிக்க நடந்தே போனதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்து 1952 இல் தேர்தல் வந்தபோது அதே தகப்பன்மாரின் பெயர்கள் இடாப்பில் இல்லை. அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. ஒரு தடவை வாக்களித்துவிட்டுப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வாக்குச் சாவடியை வெளியே நின்று பார்த்தவர்கள் அவர்கள். இன்று "யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான்" என்று சொல்லி வாக்களிக்கும் நாளில் படுத்துக்கிடக்கும் பேரனிடம் நாம் கோபப்படுவது இதனால்தான். கட்சியைப் பற்றிய எமது எண்ணமும் அவனது எண்ணமும் வேறாக இருக்கட்டும். அதற்குச் சண்டை பிடிக்க எமக்கு உடம்பில் தெம்பில்லை.

பயணம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு எல்ல, தெமோதரை, ஒன்பது வளைவுப் பாலம். 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தில் படம் எடுக்க உலகத்தின் எல்லாத் திக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். படத்தில் பச்சைப் பசேலென்று தேயிலை விழும். லயம் விழாதபடி பார்த்துக்கொள்வார்கள். கோச்சி பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல். அதற்கு வெகுகாலம் முன்பே கோப்பிக் காலத்தில் வந்தவர்கள், தலைமன்னார்ப் பக்கம் கரையேறி, வன்னிக் காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்தே மலையேறினார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 2023 ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாக ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது அந்த வழியை நினைத்துத்தான். அந்த நடையில் எமது பகுதி இளைஞர்களும் சேர்ந்துகொண்டிருந்தால் அவர்களுடைய தாத்தாவை இன்னும் அதிகமாக மதித்திருப்பார்கள் என்பது எமது எண்ணம்.

எனினும் எமது தலைமுறை தன் கண்ணால் கண்டது, வந்த பயணத்தை அல்ல, போன பயணத்தை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பண்டிகைக்கு வெட்டிய ஆட்டைக் கூறு போடுவது போலத்தான். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய தலைவர்களையும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கா இலங்கைக்கா எழுதிப் போடுவது என்று ஒவ்வொரு காம்பராவிலும் இரவிரவாகப் பேச்சு நடந்தது. எது கிடைக்கும் என்று தெரியாமல் இரண்டுக்கும் எழுதிப் போட்டவர்களும் உண்டு. அண்ணன் ஒன்றுக்கு, தம்பி மற்றொன்றுக்கு. கட்டிக்கொடுத்த மகள் கணவன் பக்கம். எமது மூத்த தமையனாரின் குடும்பம் இந்தியாவுக்கு என்றாயிற்று. நாம் இங்கே என்றாயிற்று. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புறப்பட்ட அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் சொன்னார்கள். தகரப் பெட்டியும் அம்மியும் உரலும் ஏற்றியவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நிலையத்தில் நிற்பவர்கள் கோச்சியோடு ஓடிக்கொண்டே அழுவார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல். அக்கரையில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு இவர்களுக்கென 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். இங்கே எம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு போனபின் 1984 இல் கப்பலும் நின்றுபோயிற்று. கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றுவிட்டவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் ஆனார்கள்.

1953 குடிசனக் கணக்கெடுப்பில் இந்த நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேராக இருந்த நாம், 1981 இல் ஐந்தரைப் பேராகக் குறைந்ததற்கு முதற் காரணம் இந்தக் கோச்சிதான். குறைந்தவர்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய மாமாவும் அத்தையும் சின்னம்மாவும். இதைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இது வெறும் எண்ணாகவே இருக்கும்.

இன்னும் சில உண்டு. அவற்றைச் சொல்வதற்கு நாக்கு எழுவதில்லை. 1974 பஞ்சத்தில் கிழங்கும் கீரையும் தேடிக் காட்டுக்குப் போனது, பசியில் செத்தவர்களைத் தோட்டத்திலேயே புதைத்தது. 1977 இல் ஓடியது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. பெண்பிள்ளைகளோடு தேயிலைக்குள் படுத்துக்கிடந்த இரவைப் பற்றிப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அந்த நாட்களில் எமக்குச் சோறு கொடுத்து ஒளித்துவைத்த சிங்களக் கிராமத்தவர்களைப் பற்றியும் அதனால் சொல்லப்படாமல் போகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே எமது துணிபு. ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளை பாதிக் கதையோடு வளரும்.

தாத்தாவைச் சட்டம் இரண்டாவது தடவை கேட்டது 2003 இல். அவ்வாண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்து வந்தவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அதாவது, "அன்று என் தாத்தா இந்தத் தோட்டத்தில் இருந்தார்" என்பதே பேரனின் உரிமைக்கு அடித்தளமாயிற்று. முன்னே எம்மைத் தள்ளிய கேள்வியே இப்போது எம்மைச் சேர்த்தது. அப்போது பழைய தகரப் பெட்டியில் துண்டு தாள் வைத்திருந்தவர்கள் எவ்வளவு எளிதாகக் காரியம் முடித்தார்கள் என்பதைக் கண்டவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது தடவை இப்போது கேட்கப்படுகிறது. காணியும் வீடும் என்று பேச்சு வந்திருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆனாலும் இன்னும் ஏராளமானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள். உறுதிப் பத்திரம் எழுதப்படும்போது யார் பெயரில், எந்தக் குடும்பம், எத்தனை காலம் இங்கே என்ற கேள்விகள் வரும். உதாரணமாக ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ராமாயி, செக்ரோலில் ராமாய், பிறப்பத்தாட்சியில் ராமக்கா, அடையாள அட்டையில் லெட்சுமி. நால்வரும் ஒருவரே என்று சத்தியம் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கண்ணை மூடிவிட்டால் சேமலாப நிதிக்கும் காணிக்கும் பேரப்பிள்ளை கச்சேரிப் படியில் எத்தனை நாள் நிற்க வேண்டுமோ? ஓர் அலுவலகத்தில் எமது பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக நாமே ஏழு தடவை அலைந்தோம். ஏழாம் தடவை காரியத்தை முடித்துவைத்தது எமது பாடசாலைக் காலத்துப் பழைய கடிதம் ஒன்று.

தாள்களோ மழையோடு போகின்றன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதில் உயிர்களோடு இவையும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தில் எத்தனை இடம் சரிந்தது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீரியபெத்தையைப் பற்றி முன்னரே அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். ஆனால் போவதற்கு வேறு இடம் காட்டப்படாதவர்களிடம் எச்சரிக்கை செய்து என்ன பயன்? இவ்விடத்தில் வயதானவர்களின் நினைவு வேறொரு விதத்திலும் உதவும். எந்தச் சரிவில் முன்பொரு காலம் மண் இறங்கியது, எந்த ஊற்று மழைக்கு முன் கலங்கும், எந்த லயத்துப் பின்சுவர் வருடாவருடம் வெடிக்கும் என்பதெல்லாம் நாற்பது வருடம் அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்களுக்குத் தெரியும். புதிய வீட்டுக்கு இடம் தெரிவு செய்ய வரும் அதிகாரிகள் தலைவர்மாரோடு மட்டும் பேசிவிட்டுப் போகாமல் ஒரு பாட்டியையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றினால் நட்டம் ஒன்றும் வந்துவிடாது.

ஆகவே பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தோட்டத்து இளைஞர் மன்றங்களுக்கும் எமது வேண்டுகோள் இதுதான். நூற்றாண்டு விழா மலரும் நினைவுத் தூணும் பிறகு வரட்டும். ஒரு கொப்பி போதும். தாத்தாவின் தகப்பன் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் பெயர் பதிந்தார், பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், யார் யார் இந்தியாவுக்குப் போனார்கள், கடைசிக் கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்தது, பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கம் என்ன, எந்தத் தாளில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசியிலேயே தாள்களைப் படம் பிடித்துக் கொழும்பில் இருக்கும் மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். மலை சரிந்தாலும் அது சரியாது. பாட்டிமார் பேரைச் சொல்லத் தயங்குவார்கள், புருஷன் பேரைச் சொல்லவே மாட்டார்கள், பொறுமை வேண்டும். சாதியைப் பற்றியும் கங்காணிமாரின் அட்டகாசத்தைப் பற்றியும் எமது ஆட்களே எமது ஆட்களுக்குச் செய்ததைப் பற்றியும் கேளுங்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று எந்தத் தாத்தாவாவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. உறவினரைத் தேடிப் போக விரும்பும் பிள்ளைகள் சிலர் எம்மிடம் ஊரின் பெயரைக் கேட்கிறார்கள். திருச்சிப் பக்கம், சேலத்துப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதாது. கிராமத்தின் பெயரும் ஊர்க்கோயிலின் பெயரும் தெரிந்த தொண்ணூறு வயது அம்மாயிமார் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் முதலில் அவர்களிடம் போங்கள்.