பொன்னாடைக்கு முன்னால்

நம் ஊரில் ஒரு மனிதருடைய அருமை பெருமைகளெல்லாம் வெளியாவதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். அது அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நாள். அன்றுதான் அவர் கடமையே கண்ணானவர் என்பதும், அவர் இல்லாவிட்டால் காரியாலயமே ஸ்தம்பித்துப் போயிருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியவருகின்றன. முப்பது வருஷமாக அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "இவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும்" என்கிறார். முப்பது வருஷத்தில் பதினாயிரம் தடவைக்கு மேல் பொழுது விடிந்திருக்குமே, அதில் ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு பொன்னாடை, ரோஜா மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். கடைசியாக ஒரு சுவர்க் கடிகாரம். இனிமேல் குறித்த நேரத்தில் எங்கும் போக வேண்டிய அவசியமில்லாத மனிதருக்குக் கடிகாரம் கொடுக்கலாம் என்று முதன் முதலில் கண்டுபிடித்தவர் நல்ல ஹாஸ்ய ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

பிரிவு உபசாரமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. மாலை போடுகிறவர்களின் அன்பில் நமக்குச் சந்தேகமும் இல்லை. அந்த அன்பில் ஒரு சிறு பகுதியை முன்பணமாகக் கொடுத்து வைத்தால் என்ன என்பதுதான் நம் கேள்வி. உடன் வேலை செய்கிறவர்களைப் பாராட்டுவது எப்படி என்பதைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் யோசிக்கலாம். அதோடு, இந்த விஷயத்தை நன்கு எடுத்துக் காட்டும் சில படங்களையும் புத்தகங்களையும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

திருக்குறளின் 11-வது அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். 'செய்ந்நன்றி சொல்லுதல்' என்று பெயரில்லை. 'நன்றி' என்ற சொல்லை நாம் இன்று 'தாங்க்ஸ்' என்பதற்கு ஈடாக வழங்குகிறோம். குறளிலோ ஒருவர் செய்த நன்மைக்கே நன்றி என்று பெயர். அதை அறிந்துகொள்வது முதல் காரியம். வாயால் சொல்லுவது அதற்குப் பிறகு வருவது. இந்த வரிசை முக்கியமானது என்பது நம் அபிப்பிராயம். பாராட்டுத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களில் பலர் உண்மையில் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிப் பாராட்டுவது?

தெரியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. நன்றாகச் செய்த வேலைக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும் குணம் இருக்கிறது. சாம்பாரில் உப்புக் குறைந்த அன்றுதான் வீட்டில் சமையல் என்று ஒன்று நடப்பது நமக்கு ஞாபகம் வருகிறது. சம்பளம் உரிய நாளில் வந்துகொண்டிருக்கும் வரையில் பில் எழுதும் குமாஸ்தா ஒருவர் இருப்பதே தெரியாது. இரண்டு நாள் தாமதமானால் அவருடைய பெயர், இனிஷியல், சொந்த ஊர் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே குற்றம் கண்டுபிடிக்கத் தனியாக முயற்சி வேண்டியதில்லை. குற்றம் தானாகவே வந்து நம் முன்னால் நிற்கும். குணத்தைத்தான் நாம் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இக்காலத்தில் பாராட்டு மிகவும் மலிந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கைத்தொலைபேசியில் ஆபீஸ் முழுவதையும் ஒரு குழுவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் என்ன செய்தி போட்டாலும் உடனே இருபது கட்டை விரல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. பாவம், ஏகலைவன்! ஒரே ஒரு கட்டை விரலைக் கொடுப்பதற்கு அவன் என்ன பாடு பட்டிருப்பான்! செய்தியைப் படிக்காமலே கொடுக்கும் கட்டை விரலுக்கும், பார்க்காமலே சொல்லும் "பிரமாதம்!" என்ற வார்த்தைக்கும் விலை இல்லை. வாங்கிக்கொள்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் பாராட்டும் வழி நம் முன்னோர்களுக்குத் தெரியாமல் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, மாலை போட்டு, பொங்கலும் ஊட்டுகிறார்களே, அது என்ன? வருஷம் முழுவதும் வயலில் கூட உழைத்தவருக்குச் செய்யும் மரியாதைதான். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் இடுகிறோம். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டிய கைக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாட்டுக்கும் இயந்திரத்துக்கும் கிடைத்தது மனிதனுக்கும் கிடைக்கலாம் என்று கேட்பது பேராசையாகாது.

நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ரசாயன ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். செய்முறைப் பரீட்சையில் நைட்ரேட் உப்பைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. சோதனைக் குழாயில் ஒரு பழுப்பு வளையம் தோன்ற வேண்டும். அதற்குரிய பெரஸ் சல்பேட் கரைசல் காற்றுப் பட்டால் நாளடைவில் கெட்டுப் போகும். பழைய கரைசலை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் வளையம் சரியாகத் தோன்றாது. பையன் தன் உப்பைத் தவறாக எழுதுவான்; மதிப்பெண் போகும்; ஏன் போயிற்று என்பது அவனுக்கும் தெரியாது, அவனைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. இந்த உதவியாளர் பரீட்சை நாட்களில் விடியற்காலையில் வந்து, அந்தக் கரைசலைப் புதிதாகத் தயாரித்து வைப்பார். யாரும் அவருக்கு உத்தரவிட்டதில்லை. ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில் ரசாயன ஆசிரியர் எழுந்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 'உழைப்பின் சிகரம்' என்றெல்லாம் அடைமொழி கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு உதவியாளர் நம்மிடம் வந்து, "அதை சார் எப்படிக் கவனித்தார்?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டார். அவருக்குக் கிடைத்த பாராட்டு அந்தப் பேச்சில் இல்லை, கவனித்ததில் இருந்தது.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி ஒருவர் சென்னையிலேயே இருந்திருக்கிறார். 1912-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஸ்ரீநிவாஸ ராமானுஜன் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே பெரிய பதவியில் இருந்தவர் எஸ். நாராயண ஐயர், தாமும் கணிதம் கற்றவர், இந்தியக் கணிதச் சங்கத்தின் பொக்கிஷதாராக இருந்தவர். குமாஸ்தா கணக்கில் சூரர் என்று முதுகில் தட்டிக்கொடுத்து விட்டுவிட்டிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி விடவில்லை. இரவு வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராமானுஜனுடைய மனம் பல படிகளை ஒரே தாவலில் கடந்துவிடும். நடுவிலுள்ள படிகளையும் எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று நாராயண ஐயர் விடாமல் வற்புறுத்தினார். டிரஸ்டின் தலைவராயிருந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் இந்தக் குமாஸ்தாவின் பெருமையை எடுத்துச் சொன்னார். 1913-ம் வருஷம் தாம் எழுதி வெளியிட்ட கணிதக் கட்டுரையில், ராமானுஜன் கண்ட தேற்றத்தை ராமானுஜனுடையது என்றே பெயர் சொல்லிக் குறித்தார். அதே வருஷம் மே மாதத்தில் சென்னைச் சர்வகலாசாலை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. கேம்பிரிட்ஜ் ஹார்டியின் பெயரை உலகம் அறியும். அவருக்குக் கடிதம் போவதற்கு முன்பே பக்கத்து மேஜையில் ஒருவர் ராமானுஜனை அறிந்து வைத்திருந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, சிரமப்பட்டுத் தெரிந்துகொள்வது. இரண்டாவது, ஏதாவது செய்யக் கூடியவர்களின் காதில் அதைப் போடுவது. அதாவது, ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்திலும் நல்ல வார்த்தை சொல்லுவது. மூன்றாவது, காரியம் காகிதத்தில் ஏறும்போது செய்தவருடைய பெயரையும் ஏற்றுவது. இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான ஆபீஸ்களில் சங்கடம் நேருகிறது. அறிக்கை மேலே போகப் போக, கீழே உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாராட்டைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் எஜமானர்களும் உண்டு. "உங்களைப் போல் யாரால் செய்ய முடியும்?" என்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒருவர் ஆரம்பித்தால், இரவு எட்டு மணி வரையில் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அது பாராட்டு அல்ல, தூண்டில் புழு. ராமானுஜனுக்கு நாராயண ஐயர் வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய நேரமும் வருவாயும் கிடைப்பதற்குத் துணை நின்றார். பாராட்டுகிறவருக்குச் செலவு ஒன்றும் இல்லாவிட்டால், பெறுகிறவருக்கும் வரவு அதிகம் இராது.

பார்ப்பதற்கு

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோஸவா 1952-ல் எடுத்த 'இகிரு' என்ற படத்தை நேயர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நகரசபை ஆபீஸில் முப்பது வருஷம் ரப்பர் முத்திரை குத்தியே காலம் கழித்த வாடனாபே என்பவர், தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிகிறார். எஞ்சியுள்ள மாதங்களில், சாக்கடை தேங்கிய ஓரிடத்தைக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் தோட்டமாக மாற்றிவிட்டுப் போய்ச் சேருகிறார். அதற்கு மேல்தான் நம் விஷயம் வருகிறது. அவருடைய படத்துக்கு முன்னால் சகாக்கள் கூடியிருக்கிறார்கள். தோட்டத்தின் பெருமையைத் துணை மேயர் தமதாக்கிக்கொள்கிறார். அந்தப் பேட்டைப் பெண்கள் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அழுகிறார்கள். மெள்ள மெள்ளச் சகாக்களுக்கு உண்மை புலனாகிறது. குடிமயக்கத்தில் இனி நாங்களும் அவரைப் போல் உழைப்போம் என்று சபதம் செய்கிறார்கள். மறுநாள் ஆபீஸில் என்ன நடக்கிறது என்பதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தழுவி 1953-ம் வருஷத்து லண்டனில் நடப்பதாக எடுத்த 'லிவிங்' என்ற ஆங்கிலப் படம் 2022-ல் வெளிவந்தது. திரைக்கதை கஸுவோ இஷிகுரோவுடையது; அதுவும் நல்ல படம்.

குழந்தைகளோடு பார்ப்பதற்கு ராமானுஜனைப் பற்றிய 2015-ம் வருஷத்து 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிடி' பொருத்தமானது. நாராயண ஐயராக வங்காள நடிகர் த்ரிதிமான் சாட்டர்ஜி நடித்திருக்கிறார். ஞான ராஜசேகரன் 2014-ல் தமிழில் எடுத்த 'ராமானுஜன்' படமும் உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு எது தேவலை என்று வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

படிப்பதற்கு

மேற்படி ஆங்கிலப் படத்துக்கு ஆதாரமான ராபர்ட் கானிகலின் புத்தகம் 1991-ல் அதே பெயரில் வெளிவந்தது. திருவல்லிக்கேணி வீதிகளை நேரில் நடந்து பார்த்ததுபோல் இருக்கும்.

தமிழில் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை எத்தனை தடவை சிபாரிசு செய்தாலும் தகும். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, அவர் காலமான பிறகு 1950-ல் புத்தகமாயிற்று. ஏடு கொடுத்தவர், உணவு கொடுத்தவர், வழி காட்டியவர் என்று அதில் பெயர் சொல்லி நினைக்கப்படாதவர் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராயிருந்த தியாகராச செட்டியார், 1880-ல் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். பிற்காலத்தில் ஐயரவர்கள் திருவல்லிக்கேணியில் தாம் வசித்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். அந்த வீடு இன்று இல்லை. பெயர் வைத்த மனம் புத்தகத்தில் இருக்கிறது.

ஒரே உட்காரலில் படித்து முடிக்க விரும்புகிறவர்களுக்கு அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' என்ற சிறுகதை. வேலை தேடி ஒரு சினிமா ஆபீஸுக்கு வரும் ஏழைக் கலைஞன் அங்குள்ளவர்களின் கண்ணெதிரே புலியாகவே மாறிக் காட்டுகிறான். எல்லோரும் வியந்து போகிறார்கள். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துத் தேடும்போது, ஆள் அகப்படவில்லை. அசோகமித்திரன் பல வருஷம் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவராகையால், அந்த ஆபீஸ் அறையின் காற்றுக்கூடக் கதையில் வீசுகிறது. வியப்பதற்கும் உதவுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை.

படம் பார்க்கவும் புத்தகம் படிக்கவும் ஓய்வு கிடைக்காதவர்கள் இந்த வாரம் இன்னும் எளிதான ஒரு காரியம் செய்யலாம். உங்களோடு வேலை செய்கிறவர்களில் ஒருவரை மனத்துக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியாக இருக்க வேண்டாம். அந்தப் பாராட்டுக்கு வேறு பெயர் உண்டு. அவர் செய்யும் காரியம் ஒன்றை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கவனியுங்கள். சனிக்கிழமைக்குள் அதை அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும். வீட்டில் இருப்பவர்களையும் சகாக்களின் ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளலாம். சாம்பார் சரியாக இருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பிப்பது நல்லது. அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம் என்பது அப்போது தெரியவரும்.