முஸ்லிம் நேசன் எங்கே?



நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று நம் மேடைகளில் அடிக்கடி பெருமூச்சு விடுகிறோம். சரி, இருந்த பத்திரிகைகளை என்ன செய்தோம்?

1882 டிசம்பரில் இலங்கையில் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழ் பிறந்தது. தொடங்கியவர் 1838ல் கண்டியில் பிறந்த வழக்கறிஞர், அறிஞர் சித்தி லெப்பை. அன்றைய இலங்கை முஸ்லிம்களிடம் கடை இருந்தது, காசு இருந்தது. ஆங்கிலக் கல்விதான் இல்லை. மிஷனரி பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் ஈமான் போய்விடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? நமக்கென்று பள்ளிக்கூடம் கட்டுவோம் என்றார் சித்தி லெப்பை. அதற்குச் சமுதாயத்தைத் தட்டி எழுப்பவே இதழை நடத்தினார்.

1883 ஜனவரியில், ஆங்கிலேயரை எதிர்த்த எகிப்தின் உராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்தார். அவரும் கல்விப் பணிக்குத் துணை நின்றார். 1892ல் கொழும்பு மருதானையில் ஒரு மத்ரஸா எழுந்தது. வாப்பிச்சி மரிக்காரும் அதற்குத் தோள் கொடுத்தார். அதுவே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி!

இதழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1898ல் சித்தி லெப்பையும் வஃபாத்தானார். ஆனால் அந்த எழுத்து கேட்ட பள்ளிக்கூடம் நிற்கிறது. பத்திரிகையால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

வியாபாரப் பெருமக்களே! நம் ஊர்களில் நின்றுபோன இதழ்கள் சிலவற்றை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சகத்தார் ரொக்கம் கேட்பார். சந்தாதாரரோ "அடுத்த மாதம் பார்க்கலாம் பாய்" என்பார். கல்யாணப் பந்தலுக்கு லட்சம் லட்சமாகக் கொட்டும் கை, ஆண்டுச் சந்தாவுக்கு மட்டும் ஏன் நடுங்குகிறது?

இளைஞர்களே! வாட்ஸ்அப்பில் இன்று வந்தது நாளை காணாமல் போகும். நாளைய வரலாற்றுக்கு ஆதாரம் எங்கே? காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் வணிகம் செய்தவை. வீட்டுப் பரணில் பழைய பெட்டி கிடந்தால் திறந்து பாருங்கள். பழைய இதழ் ஒன்று கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நூலகத்தில் சேருங்கள்.

இறந்த இதழுக்காக அழுதது போதும். உயிரோடிருக்கும் இதழுக்குச் சந்தா பாக்கி இருக்கிறதா? இன்றே கட்டுங்கள்!